ஏழாம் பிரிவின் நான்காவது பெயர்

மூன்று சாவுகளுக்கும் காரணம் சொல்லப் போலீசுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஏப்ரலில் பிரிக்பீல்ட்ஸ் வீரசிங்கத்தை லோரி மோதியது. மே மாதம் பங்சார் லியனார்ட் தன் அடுக்குமாடிப் படிகளில் உருண்டார். ஜூனில் பெட்டாலிங் ஜெயா தங்கரத்தினத்தின் சமையலறையில் காஸ் வெடித்தது. மூன்றும் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் கோலாலம்பூரில் கட்டடங்கள் எழும்பிய வேகத்தில் விபத்தை எல்லாம் யார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

சிவமலர் நின்று பார்த்தாள். பதினைந்து வருடம் ஒரு அரசாங்க அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவள் அவள். செத்துப்போன மூவருக்கும், சாவதற்கு ஒரு வாரம் முன்னால், தபாலில் ஒரே காகிதம் வந்திருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு மொட்டைக் கடிதத்தின் நகல்.

அந்த நகல் இப்போது அவள் மேசைமேல் கிடந்தது. ஷா ஆலமில் இருந்த ஒரு ரப்பர் கையுறை ஆலையின் நிர்வாகிக்கு எழுதப்பட்டது. ‘ஏழாம் பிரிவில் வேலை செய்யும் நாங்கள் நான்கு தொழிலாளர்கள் பணிவுடன் தெரிவிப்பது. எங்கள் மேற்பார்வையாளர் சீவரத்தினம் இரவில் லோரி வைத்து ரப்பர் பால் திருடி விற்கிறார்...’ அவ்வளவுதான். கையெழுத்து இல்லை. அதை நம்பி சீவரத்தினத்தைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் சிறையிலேயே செத்துப்போனார்.

“நாலு பேருன்னு லெட்டர் சொல்லுது. மூணு பேர் போயிட்டாங்க” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த சபாபதி. “நாலாவது ஆள் இன்னும் உயிரோட இருக்காரு, மிஸ். எத்தனை நாளைக்குன்னுதான் தெரியல.”

திங்கட்கிழமை முதன்முதலாக வந்தபோதும் இதையேதான் சொன்னார். ஐம்பது வயது, நரைத்த மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. தோட்டத்திலிருந்து வந்து அதே ஆலையில் பேக்கிங் பகுதியில் வேலை செய்தவராம். செத்தவர்களின் முகம் தெரியுமாம். நாலாவது ஆளைக் கண்டுபிடித்து எச்சரிக்க வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார். அன்றிலிருந்து மூன்று நாளாகச் சிவமலரும் அவள் உதவியாளன் லெஸ்லியும் செத்த வீடுகளாக ஏறி இறங்கினார்கள். நாலாவது ஆள் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்று வியாழக்கிழமை, மாலை நாலு மணி. வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சபாபதி சட்டைப் பையிலிருந்து ஒரு டிஸ்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஆலையை மூடினப்ப ஆபீஸ்ல இருந்த ஒருத்தர் எடுத்து வச்சது. தொடங்கின நாள்லேருந்து வேலை செஞ்ச நாற்பதாயிரம் தொழிலாளிங்களும் இதுல இருக்காங்க, சூப்பர்வைசருங்க தவிர. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பேரு, கமா, பிரிவு நம்பர், கமா, அட்ரஸ்.”

“நாற்பதாயிரமா? என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் வரமாட்டாங்க லா” என்றான் லெஸ்லி.

“முதல்ல பொண்ணு வரட்டும்” என்று சொல்லிக்கொண்டே சிவமலர் டிஸ்கெட்டைச் சொருகினாள். “ஏழாம் பிரிவுன்னா லிஸ்ட்ல பி-7. அதைப் போட்டுத் தேடினா வந்துடாதா?”

“போட்டேன், மிஸ். தொழிலாளிங்க குவார்ட்டர்ஸ்ல பி-7னு ஒரு பிளாக் இருந்துச்சு. அந்த அட்ரஸ்காரங்க மூவாயிரம் பேரும் வந்து நின்னாங்க. அதனாலதான் இப்படி ஒண்ணு எழுதினேன். முந்தாநாள் புத்தகத்தைப் பார்த்து நானே எழுதினது.”

அவர் எழுதியது டிஸ்கெட்டிலேயே ஒரு சின்னக் கோப்பாக இருந்தது. திறந்தாள்.

^[^,./@]*,B7

லெஸ்லி திரையை எட்டிப் பார்த்தான். “என்னக்கா இது, கோழி கிளறின மாதிரி?”

“தேடுறதுக்கு ஒரு அச்சு. முதல்ல இருக்கிற கூரை மாதிரிக் குறிக்கு வரியோட தொடக்கம்னு அர்த்தம். சதுர அடைப்புக்குள்ள இருக்கிற கூரைக்கு அர்த்தம் வேற. ‘இவை தவிர.’ கமா, புள்ளி, சாய்கோடு, அந்தச் சுழிச்ச அட் குறி. இவை தவிர எந்த எழுத்து எத்தனை வந்தாலும் சரி. அது முடிஞ்சதும் ஒரு கமா, உடனே பி-7 வரணும். அட்ரஸ்ல இருக்கிற பி-7 மாட்டாது, பேருக்கு அடுத்து இருக்கிறது மட்டும்தான் மாட்டும்.”

“புரிஞ்சிடுச்சு. கேட்ல நிக்கிற ஜாகா மாதிரி. குறி ஒட்டின ஆளை உள்ள விடாது.”

“பேருன்னா எழுத்துதானே, தம்பி” என்றார் சபாபதி. “நடுவுல புள்ளியும் கோடும் எதுக்கு? எல்லாம் டைப் அடிச்சவன் போட்ட குப்பை. அதான் மொத்தமா தள்ளிட்டேன்.”

சிவமலருக்கும் அது நியாயமாகவே பட்டது. அவள் அடையாள அட்டையில் சிவமலர் நடராசா என்று வெறும் எழுத்துகள்தான் இருந்தன. தேடச் சொல்லி விசையைத் தட்டினாள். பழைய கம்ப்யூட்டர் முக்கி முனகி ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டது.

வீரசிங்கம் கந்தையா. லியனார்ட் பீட்டர். தங்கரத்தினம் செல்லையா.

திரையில் அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மூன்று பெயர், மூன்று பிணம்.

“நானும் இதையேதான் பார்த்தேன்” என்று சபாபதி எழுந்தார். “நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க. எங்கேயோ ஒளிஞ்சிருக்கிற அந்த ஒரு ஆளை எடுத்துக் கொடுங்க, மிஸ். எதிர்க் கடையில தே தண்ணி குடிச்சிட்டு இருக்கேன். கிடைச்சதும் நானே நேர்ல போய்ச் சொல்லிடுறேன். போலீஸ் போய் நின்னா பயந்துடுவாங்க.”

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியது. ஒரே சீராக, அவசரமே இல்லாமல் இறங்கினார்.

சிவமலர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். செத்துப்போன மூன்று பேரில் இரண்டு பேர் சிலோன்காரர், ஒருவர் கிறிஸ்துவர். கொலையென்றே வைத்துக்கொண்டாலும் யாருக்கோ அந்தச் சனங்கள்மேல் ஆத்திரம், அவ்வளவுதான் என்று இன்ஸ்பெக்டர் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு அது ஒட்டவில்லை. கையுறை ஆலையில் பாதிப் பேர் தோட்டத்திலிருந்து வந்த தமிழர்கள். நாலு பேர் கொண்ட பிரிவில் அவர்களில் ஒருவர்கூட இல்லையா?

“அக்கா, என் பேரை அதுல போட்டுப் பாருங்களேன்” என்றான் லெஸ்லி. “நாலாவது ஆளா நானே செத்துடுறேன். உங்களுக்கும் கேஸ் முடியும், எனக்கும் வீட்டு வாடகை மிச்சம்.”

“வாயை மூடு.” ஆனால் கை சும்மா இருக்காமல் பட்டியலின் கடைசியில் ஒரு வரி அடித்தாள். “உன் பேரு எப்படி?”

“ஐசி கார்டுல இருக்கிற மாதிரியே அடிங்க. லெஸ்லி ஏ/எல் ஆரோக்கியசாமி.”

ஏ/எல் என்றால் அனாக் லெலாக்கி, இன்னாரின் மகன். பெண்ணுக்கு ஏ/பி. இந்த நாட்டுத் தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் பிறந்ததிலிருந்து சாகும்வரை அந்தச் சாய்கோட்டைப் பெயரோடு சுமக்கிறார்கள். சிவமலர் பக்கத்தில் பி-7 என்று சேர்த்து, மறுபடி தேடச் சொன்னாள்.

வீரசிங்கம். லியனார்ட். தங்கரத்தினம்.

“எங்கக்கா நானு?”

சிவமலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ‘ஐயோ’ என்று ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

“கோடு, லெஸ்லி! உன் அப்பா பேருக்கு முன்னாடி இருக்கிற அந்தக் கோடு! அதைத் தள்ளுன்னு சொன்னா, உன்னையே தள்ளிடுது. லிஸ்ட்ல இருக்கிற எல்லா ஏ/எல்லையும் ஏ/பியையும் தள்ளிடுது.”

“என் அப்பா பேரைக் குப்பைன்னுட்டாரா அந்த மனுஷன்?”

அடைப்புக்குள் கூரையையும் கமாவையும் மட்டும் விட்டுவைத்து மற்றதை அழித்தாள். பெயர் எங்கே முடிகிறது என்று தெரிய கமா ஒன்றே போதும். தட்டினாள். இந்த முறை ஐந்து வரி வந்தது. செத்தவர்கள் மூன்று, லெஸ்லி ஒன்று. இன்னொன்று:

புஷ்பவல்லி ஏ/பி ரெங்கசாமி. பி-7. பண்டமாரான், கிள்ளான்.

“பொம்பளை ஆளு” என்று லெஸ்லி கைதட்டினான். முகவரியைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனான். அவனுக்கு ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷம்.

சிவமலர் நாற்காலியில் சாய்ந்தாள். அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு அரை நிமிடம். அப்புறம் ஏதோ உறுத்தியது. தப்பான அச்சு மூன்று பேரைக் காட்டியது. கொலைகாரன் கொன்றதும் அதே மூன்று பேரைத்தான். அப்படியென்றால் கொலைகாரனுக்கும் புஷ்பவல்லி கிடைக்கவில்லை. அவன் தேடியதிலும் இதே ஓட்டை இருந்திருக்கிறது.

டிஸ்கெட்டில் இருக்கும் கோப்புகளை வரிசையாகக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு கோப்புக்குப் பக்கத்திலும் அது எழுதப்பட்ட தேதியைக் கம்ப்யூட்டர் தானாகவே குறித்து வைத்திருக்கும். முந்தாநாள் எழுதினேன் என்று சபாபதி சொன்ன கோப்புக்கு நேரே இருந்தது, மார்ச் பன்னிரண்டு.

வீரசிங்கம் செத்தது ஏப்ரலில்.

பெயர் என்றால் எழுத்துதான் என்று சொன்ன குரல் காதில் கேட்டது. தோட்டத்துச் சபாபதி, தன் அப்பன் பெயருக்கு முன்னால் சாய்கோட்டைச் சுமக்கிறவன், அதைக் குப்பை என்று சொல்வானா? சிலோன்காரர் வீடுகள்போலக் கோடு இல்லாத வீட்டில் பிறந்தவனுக்குத்தான் அது கண்ணில் படாது. அவளுக்கே படவில்லையே. மேசை இழுப்பறையில் சீவரத்தினத்தின் பழைய மரண அறிவித்தல் ஒன்றை வெட்டி வைத்திருந்தாள். எடுத்து, கடைசி வரியைப் படித்தாள். ‘துயருறும் ஒரே சகோதரர், சண்முகரத்தினம்.’

ஜன்னலுக்கு ஓடினாள். எதிர்க் கடை மேசை காலியாக இருந்தது. லெஸ்லி இரண்டு கையிலும் பொட்டலம் கட்டிய தேநீரோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான்.

“உங்களுக்கும் சேர்த்து அவரே வாங்கிக் கொடுத்தாருக்கா” என்றான் மேலே வந்து. “பேப்பரைக் கொடுத்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி வந்துடுச்சு மனுஷனுக்கு.”

அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. தே பொட்டலங்களைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றான்.

கிள்ளான் போலீசுக்குப் போன் செய்தார்கள். துறைமுகச் சாலையில் பெரிய விபத்து, முடிந்தவரை சீக்கிரம் கார் அனுப்புகிறோம் என்றார்கள். பட்டியலில் புஷ்பவல்லிக்குத் தொலைபேசி எண் இல்லை. லெஸ்லியின் பழைய டாட்சன் காரில் ஏறினார்கள்.

ஃபெடரல் ஹைவேயில் வேலை விட்டு வரும் கூட்டம். மழை கொட்டியது. சாதாரணமாக இந்தச் சாலையில் ஒவ்வொரு லோரிக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டு வருபவன் இன்று வாயே திறக்கவில்லை. சுபாங் தாண்டியதும் ஒரு முறை மட்டும் பேசினான்.

“என் கையாலயே எழுதிக் கொடுத்தேன், அக்கா.”

“கண்டுபிடிச்சது நான். நீ ஓட்டு.”

சிவமலருக்கும் பயமாகத்தான் இருந்தது. மடியில் மொட்டைக் கடிதத்தின் நகலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தாள். வேறு எதுவும் செய்ய முடியாதவர்கள் படிப்பார்களே, அப்படி. ஷா ஆலம் வந்தபோது பாதி வரியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் படிக்கவில்லை.

பண்டமாரானில் வீட்டைக் கண்டுபிடித்தபோது மணி ஆறரை. தகரக் கூரைபோட்ட பலகை வீடு. இரும்புக் கம்பிக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. கிட்டப் போனதும் மூக்கில் ஏறியது காஸ் நாற்றம்.

உள்ளே பிரம்பு நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டை மடிப்பு இப்போதும் கலையவில்லை. வலது கையில் ஒரு லைட்டர். சமையலறைப் பக்கத்திலிருந்து சீறும் சத்தம் வந்துகொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். மூக்குக் கண்ணாடி, பழைய பூப்போட்ட பாத்திக் சட்டை, கையில் ஒரு காகிதம்.

“கிட்ட வராதீங்க, மிஸ்” என்றார் அவர். “நீங்க உங்க வேலையைச் செஞ்சிட்டீங்க. போயிடுங்க.”

“யாரும்மா நீங்க?” அந்தப் பெண் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். “இந்த அண்ணே பழைய கம்பெனி ஆளுன்னு வந்தாரு. உள்ள விட்டேன். இந்த லெட்டரைக் கொடுத்துப் படிக்கச் சொல்றாரு. என்ன லெட்டர் இது? நான் பார்த்ததே இல்ல.”

“மூணு பேரும் இதையேதான் சொன்னானுங்க.”

“ஏன்னா அதுதான் நிஜம், சண்முகரத்தினம் அண்ணே” என்றாள் சிவமலர்.

தன் பெயரைக் கேட்டதும் அவர் திரும்பினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. லெஸ்லி மெதுவாக வீட்டின் பின்பக்கம் நழுவினான்.

“செத்த வீடுகள்ல கேட்டோம். வீரசிங்கம் அந்த நகலைத் தபால்காரர்கிட்டயே திருப்பிக் கொடுக்கப் போனாரு, யாரோ தப்பான வீட்டுல போட்டுட்டாங்கன்னு. லியனார்ட் பக்கத்து வீட்டுல காட்டி இது என்னன்னு கேட்டாரு. தங்கரத்தினம் ஸ்டேஷனுக்கே கொண்டுபோனாரு. எழுதினவன் அப்படியா செய்வான்? எரிச்சுட மாட்டான்?”

“நடிப்பு.”

“சரி, நடிப்புன்னே வச்சுக்குங்க. மொட்டைக் கடிதம் எதுக்கு எழுதுறாங்க? ஆள் தெரியக் கூடாதுன்னு. அப்படி எழுதுறவன் ‘ஏழாம் பிரிவு, நாலு பேர்’னு போடுவானா? ஏழாம் பிரிவுல ஆளே மொத்தம் நாலு பேர்தான். அதைப் போடுறதும் நாலு கையெழுத்துப் போடுறதும் ஒண்ணுதானே? எவனோ வெளியாளு எழுதி, பழியை இவங்க தலையில போட்டிருக்கான்.”

லைட்டர்மேல் இருந்த கட்டைவிரல் மட்டும் அசைந்தது.

“நீங்கதான் ‘இவை தவிர’ன்னு தேடத் தெரிஞ்சவராச்சே. இதையும் அப்படித் தேடியிருக்கணும். நாற்பதாயிரம் பேர்ல யார் வேணும்னாலும் அதை எழுதியிருக்கலாம். இந்த நாலு பேரைத் தவிர.”

சமையலறையில் சீறல் சட்டென்று நின்றது. பின்கதவு வழியாக லெஸ்லி காஸ் வால்வைத் திருகிவிட்டிருந்தான். சண்முகரத்தினம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்டது.

புஷ்பவல்லி கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே உற்றுப் பார்த்தாள்.

“நீங்க சீவரத்தினம் சாரோட தம்பியா? முன்னாடியே சொல்லியிருந்தா என்ன?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “அவரைப் பிடிச்சிட்டுப் போன அன்னிக்கு நாங்க நாலு பேரும் மேனேஜர் ரூமுக்குப் போனோம். சார் அப்படிப்பட்டவர் இல்லன்னு சொன்னோம். வீரசிங்கம் அண்ணேதான் பேசினாரு, நாங்க பின்னாடி நின்னோம். மறுநாளே நாலு பேருக்கும் வேலை போச்சு. அவர் செத்தப்ப சவத்துக்கும் வந்தோமே. வீரசிங்கம் அண்ணே உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, ஞாபகம் இல்லையா?”

லெஸ்லி பின்னாலிருந்து வந்து அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து லைட்டரை எடுத்தான். அவர் தடுக்கவில்லை. எடுத்தது தெரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

புஷ்பவல்லி கதவைத் திறந்துவிட்டாள். சிவமலர் உள்ளே வந்து நின்றாள்.

“மிஸ்” என்றார் சண்முகரத்தினம். “அன்னிக்கு லோரியை நான் ஓட்டிட்டு வர்றதை வீரசிங்கம் பார்த்துட்டாரு. ரோட்டு நடுவுல நின்னு என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாரு. நிறுத்தச் சொல்லிக் கெஞ்சறாருன்னு நினைச்சேன்.”

அவர் தன் வலது கையை முகத்துக்கு நேராகத் தூக்கி, அது எப்படி அசைந்தது என்று அசைத்துப் பார்த்தார்.

“சிரிச்சாரு, மிஸ். என்னை அடையாளம் தெரிஞ்சு கையாட்டினாரு.”

வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது. அவர் கையை இறக்கவே இல்லை.